முப்பத்தெட்டு மதிப்பெண்ணுக்கு ஒரு தேங்காய்

எங்கள் வீட்டில் நோயை அளக்க வெப்பமானி இருந்ததில்லை, வளையம் இருந்தது.

வளையம் என்பது உள்ளங்கை அகலமுள்ள ஓர் இரும்புப் பட்டை. சரவெடிக்கு வேண்டிய காகிதக் குழாய்களை உருட்டிக் காயவைத்து, அதற்குள் இடைவெளியின்றி நெருக்கி நிறுத்த வேண்டும். இருநூறுக்குச் சற்று மேற்பட்ட குழாய்கள் நின்றுவிட்டால் ஒரு வளையம் நிறைந்தது. அவற்றில் வெடிமருந்தை நிரப்புவதும் திரி வைப்பதும் ஊருக்கு வெளியே, தொழிற்சாலையில் நடப்பவை. வெறுங்குழாய் உருட்டுவது மட்டும் வீட்டு வேலை. அச்சங்குளத்துக்கு அடுத்திருந்த எங்கள் ஊரில் ஒருத்தியின் உடல்நலத்தை அறிய விரும்புகிறவர்கள் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இன்றைக்கு எத்தனை வளையம் என்றுதான் கேட்பார்கள். ஆறு போடுகிறவள் ஐந்து போட்டால் தலைவலி. நான்கு போட்டால் காய்ச்சல். இரண்டுக்கு இறங்கினால் சாத்தூருக்கு வண்டி பிடிக்க வேண்டியதுதான். இந்த அளவுகோல் தவறியதாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குப் பத்து வயதான ஆண்டில் அது தவறியது. தவறச் செய்தவள் நான்.

அதற்கு முந்திய ஆண்டுதான் சித்தப்பாவுக்குத் திருமணமாகிச் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மெலிந்த உடம்பு, நீண்ட விரல்கள். மெல்லிய கம்பியில் தாளைச் சுற்றி, பசை தொட்ட ஓரத்தைப் பலகையில் ஒரு தள்ளுத் தள்ளி உருவுவாள். அடுத்த தாள் அதற்குள் கம்பியில் ஏறியிருக்கும். நாளொன்றுக்கு எட்டு வளையம். தெருவில் வேறெவரும் ஏழு வளையத்தைத் தாண்டியதில்லை. அம்மாவுக்குத் தன் ஓரகத்தியைப் பற்றி அதில் ஒரு பெருமிதம். தொழிற்சாலை வண்டியில் உடன் வருகிறவர்களிடம் அவளைப் பற்றித் தான் பெற்ற மகளைப் போலச் சொல்லிக்கொள்வாள்.

சித்தி கருவுற்றதும் அம்மா ஓர் ஆணை பிறப்பித்தாள். தீபாவளிச் சீசன் எவ்வளவு நெருக்கினாலும், ஆள் வேண்டும் என்று முதலாளியே வந்து நின்றாலும், வயிற்றுப் பிள்ளையோடு மருந்து அறைப் பக்கம் அவள் போகக் கூடாது. வீட்டிலிருந்து குழாய் உருட்டினால் போதும். அப்பாவும் சித்தப்பாவும் தலையாட்டினார்கள். ஆபத்து என்றால் எங்களுக்கு அது தீயாகத்தான் வரும். அதற்கு ஓசை உண்டு, புகை உண்டு, ஊரே எழுந்து ஓடும் திசை ஒன்று உண்டு. ஓசையில்லாமல் ஒருவருடைய நெஞ்சுக்குள்ளேயே அமர்ந்திருக்கும் ஆபத்தை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

அம்மாவின் இன்னோர் ஆணை என்னைப் பற்றியது. நான் தாளைத் தொடவே கூடாது. அவளுடைய சிறுவயதில் விடியுமுன்னே வண்டி வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டிக் கம்பெனிக்கு அள்ளிக்கொண்டு போகுமாம். தன் பெயரை எழுத அவள் கற்றதே நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது என் சிலேட்டுப் பலகையில்தான். ஆகவே பசைக்கிண்ணத்துக்கு அருகில் நான் போய் அமர்ந்தாலே அவள் குரல் மாறிவிடும்.

அம்மா வேலையிலிருந்து திரும்ப மாலை ஆறரை ஆகும். அப்பா சரக்கு வண்டியோடு வெளியூரில் இருப்பார். சித்தப்பாவுக்குச் சிவகாசி அச்சகத்தில் அந்தப் பருவம் முழுவதும் இரவுப் பணி. நாள்காட்டி அச்சாகும் காலம். பகலில் வந்து அவர் உறங்குவார், நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். பள்ளி விட்டு நான் வரும் நாலேகாலிலிருந்து ஆறரைவரை வீட்டில் சித்தியும் நானும் மட்டுமே. அதனால் எவருக்கும் முன்னதாக நான் பார்த்தேன். பத்துக் குழாய்க்கு ஒருமுறை அவள் கம்பியைக் கீழே வைத்தாள். சிறு இருமல் ஒன்று வந்து வந்து போயிற்று. குடத்தைத் தூக்க என்னைக் கூப்பிட்டாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று, சுவரோரம் அடுக்கியிருந்த தாள் கட்டுகளை முதுகுக்கு அண்டக் கொடுத்து அமர்ந்தபடியே கண்ணயர்ந்தாள்.

ஒரு நாள், ஏன் இப்படி மூச்சு இளைக்கிறது என்று கேட்டேன். சித்தி தாளைக் கம்பியில் சுற்றியபடியே சொன்னாள்.

“உன் வயசுல எனக்குக் காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கிப் போச்சு. அதுக்கப்புறம் மாசாமாசம் ஒரு ஊசி. நெஞ்சுக்குள்ள ரத்தம் போற கதவு ஒண்ணு சரியாத் தெறக்கலையாம்.”

திருமணம் நிச்சயமானதும் அந்த ஊசியை நிறுத்திவிட்டார்கள். நோய்க்காரப் பெண் என்று பெயர் வந்துவிடும் என்பதால் புகுந்த வீட்டில் மூச்சுவிடக் கூடாதென்று அவளுடைய தாய் சொல்லியனுப்பியிருந்தாள். ஆனால் சித்தியை உறுத்தியது அதுவன்று. பிள்ளை பெற்றுக்கொள்வதென்றால் தம்மைக் கேட்டுவிட்டுத்தான் என்று பழைய மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்.

“கேட்டா வேணாம்பாக. வேணாம்னு சொல்லிட்டா, இதைக் கொண்டுக்கிட்டு நான் எங்க போக?” என்று தன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். “இன்னும் அஞ்சு மாசம். அம்புட்டுத்தான். உங்க அம்மாகிட்டச் சொல்லிராத, என்ன?”

பெரியவர் ஒருவர் என்னிடம் ஒப்படைத்த முதல் இரகசியம் அது. அதைச் சுமந்த கர்வத்தில் அதன் எடை எனக்குத் தெரியவில்லை. கதவு சரியாகத் திறக்காவிட்டால் கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டியதுதானே என்று நினைத்தேன். மெதுவாகப் போனால் வளையம் குறையும். குறைந்தால் அம்மா கண்டுபிடிப்பாள். ஆகவே குறையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று முடிவு செய்து, பலகையின் மறுபக்கம் அமர்ந்து கம்பியை எடுத்தேன். சித்தி வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை சொல்ல அவளுக்கு மூச்சு வரவில்லை.

தொடக்கத்தில் என் குழாய்கள் தொளதொளவென்று வாய் விரிந்து கிடந்தன. சித்தி அவற்றை வளையத்தின் நடுவில் வைத்துத் தன் குழாய்களை ஓரத்தில் அரணாக நிறுத்தினாள். ஒரு வாரத்தில் நான் நாளொன்றுக்கு இரண்டு வளையம் போட்டேன், பிறகு மூன்று. அவள் ஐந்து, நான் மூன்று. அம்மா வண்டியிலிருந்து இறங்கி வந்து, அலுமினியத் தூள் படிந்த முகத்தைக் கழுவுமுன்னே சுவரோரம் பார்ப்பாள். எட்டு இருக்கும். அவள் முகம் தெளியும்.

அந்தப் பருவத்துக்கு வந்தது நீலத் தாள். உருட்டுகிறவர்களின் விரலில் அதன் சாயம் ஏறிவிடும். அம்மா வருமுன் நான் புளியைக் கரைத்துத் தேய்த்துக் கழுவிக்கொள்வேன், நகம் வெளுத்துவிடும். ஒரு நாள் விளையாட்டாகச் சித்தியின் விரல்களையும் தேய்த்துவிட்டேன். தோலில் இருந்த சாயம் போயிற்று. நகங்களின் நீலம் போகவில்லை. மீண்டும் தேய்த்தேன். பெரியவர்களின் நகத்தில் சாயம் ஆழமாக இறங்கும் போலும் என்று விட்டுவிட்டேன்.

மழை பெய்தால் வெடித் தொழிற்சாலைகளில் வேலை நடக்காது, வீட்டில் உருட்டிய குழாயும் காயாது. அப்படி ஒரு நாள் அம்மா வீட்டிலிருந்தபோது ஊர்ச் செவிலியர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கருவுற்ற பெண்களை வீடு வீடாகப் பார்த்துவருவது அவர் வழக்கம். எடையைக் குறித்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறாய் என்று கேட்டார். ஒன்றுதான் என்றாள் சித்தி. அது உண்மை, தாள் கட்டுகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. பிறகு அவள் கையைத் திருப்பி நகங்களைப் பார்த்து, ஏன் இப்படி நீலம் பாய்ந்திருக்கிறது என்றார். அம்மா சிரித்தாள். தாள் சாயம் என்றும், இந்தத் தெருவில் எவள் கையைப் பிடித்துப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும் என்றும் சொன்னாள். நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“நடந்தா மூச்சு வாங்குதாம்மா?” என்று செவிலியர் விடாமல் கேட்டார்.

சித்தி தலையசைத்து மறுத்தாள். அதற்குமேல் விளக்கம் சொல்லும் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டாள்.

“மூச்சு வாங்குறவ ஒரு நாளைக்கு எட்டு வளையம் போடுவாளா? நீங்களே சொல்லுங்க, நர்ஸம்மா.”

செவிலியரும் எங்கள் பக்கத்துப் பெண்தான். எட்டு வளையம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். சுவரோரம் வரிசையாக நின்ற முந்திய நாள் வளையங்களை அவர் ஒருமுறை பார்த்தார். முகத்தில் இருந்த கேள்வி அடங்கிற்று. ஆயினும், செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்துக்கு மருத்துவர் வருவார், நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்க வேண்டும், கட்டாயம் வா என்று சொல்லிவிட்டே போனார். அந்த எட்டு வளையங்களுள் மூன்று நான் போட்டவை என்ற எண்ணத்தில் எனக்கு உச்சி குளிர்ந்திருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக என் உழைப்பைச் சான்றாகக் காட்டி ஒருவர் வாதாடியிருக்கிறார்.

அந்தச் செவ்வாயும் அடுத்த இரண்டு செவ்வாய்களும் கடந்துபோயின. சீசன் நாளில் அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்காது. தனியாகப் போகலாம் என்றால் சித்திக்கு ஒருமுறை இடுப்புவலி, ஒருமுறை விருந்தாளி, ஒருமுறை மழை. அதற்குள் ஐந்தும் மூன்றுமாக இருந்த எங்கள் பங்கு நான்கும் நான்குமாக மாறியிருந்தது.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது என் கணக்குப் பாடம். மாதத் தேர்வில் நான் இருபத்தொன்று வாங்கினேன். ஆசிரியை, வண்டி நிறுத்தத்தில் காத்திருந்து அம்மாவைப் பிடித்து, பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறாள், வீட்டில் புத்தகத்தைத் தொடுகிறாளா இல்லையா என்று கேட்டுவிட்டார். காலாண்டுத் தேர்வுவரை பள்ளி விட்டதும் நேரே அவர் வீட்டுக்கு வந்து ஏழு மணிவரை படிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. எனக்குப் படிப்பு வரவில்லை, இனியும் வராது, என்னைப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிடு என்றெல்லாம் அழுது பார்த்தேன். உண்மைக் காரணத்தைச் சொல்ல வழியில்லை. சித்திதான் என் கண்ணைத் துடைத்து, “போயிட்டு வா புள்ள, நான் பாத்துக்கிறேன்” என்றாள்.

முதல் நாள் ஐந்து வளையம் இருந்தது. முடியாது என்று தெரிந்தும் அவள் காலையிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அம்மா பார்த்துவிட்டு, “என்ன மகாராணி, அதுக்குள்ள தீபாவளி முடிஞ்சு போச்சா?” என்று கேலி செய்தாள். இரண்டாம் நாள் நான்கு. அம்மா கேலி செய்யவில்லை. இரவு சோறு போடும்போது சித்தியின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அம்மாவின் வண்டி தாமதமாக வர, நானும் அவளும் ஒருசேர வாசலை மிதித்தோம். சுவரோரம் மூன்று வளையங்கள் நின்றன. மூன்றாவதில் பாதிக்குமேல் வெறுமையாக இருந்தது.

அம்மா முகம் கழுவப் போகவில்லை. சித்தியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் கணுக்காலில் பெருவிரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்த இடம் மேலெழும்பவில்லை. உதடுகளைப் பார்த்தாள். உதட்டால் எவரும் தாள் உருட்டுவதில்லை.

“எப்ப இருந்து?”

“பிள்ளை உண்டானா எல்லாருக்கும் வர்றதுதானக்கா.”

“மூணு வளையம் எல்லாருக்கும் வர்றதில்ல” என்றாள் அம்மா.

அன்றிரவே செவிலியருக்குத் தொலைபேசியில் சொல்லி வண்டி வரவழைத்தார்கள். வேலைக்குப் போன இத்தனை ஆண்டுகளில் தீபாவளிச் சீசனில் அம்மா எடுத்த முதல் விடுப்பு அது. சாத்தூரிலிருந்து விருதுநகர், விருதுநகரிலிருந்து மதுரை என்று சித்தியைக் கொண்டுபோனார்கள். வண்டியில் ஏறும்போதும் அவளால் படுக்க முடியவில்லை. அம்மாவின் மார்பில் சாய்ந்து அமர்ந்தபடியே போனாள். என் பக்கம் திரும்பி, சொல்லிவிடாதே என்பது போல் ஒருமுறை கண்ணைச் சிமிட்டினாள்.

அதன்பின் பத்து நாள் அப்பாவும் நானும் தனியே இருந்தோம். சித்தப்பாவின் தொலைபேசியிலிருந்து வந்த துண்டு துண்டான செய்திகளை அப்பா எனக்குத் தெரியாமல் கேட்டார். நான் அவருக்குத் தெரியாமல் கேட்டேன். நெஞ்சின் உள்ளே ஒரு கதவு சுருங்கிவிட்டது. வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து இரத்தம் பெருகும் காலத்தில் அந்த இடுக்கு வழியே அது போக மாட்டாமல் தேங்கி, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. பிள்ளைக்குப் போக வேண்டியதும் போகவில்லை; மாதத்துக்கு ஏற்ற வளர்ச்சி இல்லை. நீரை வற்றவைக்கிறார்கள். பிறகுதான் மற்றது. இரண்டு உயிரையும் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

அந்தப் பத்து நாளில்தான் நான் காலாண்டுத் தேர்வு எழுதினேன். வினாத்தாளைப் பார்க்கும்போதெல்லாம் பாதி நிறைந்த மூன்றாவது வளையம் தெரிந்தது. நான் மட்டும் ஆசிரியை வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் அது நிறைந்திருக்கும், எட்டும் நிறைந்திருக்கும், சித்தி வீட்டில் இருந்திருப்பாள். இதில் எனக்கு ஐயமே இல்லை. கணக்கில் முப்பத்தெட்டு வாங்கினேன்.

பதினோராம் நாள் மாற்றுத் துணி எடுத்துப்போக அம்மா வந்தாள். அவளுடைய கண்கள் குழிந்திருந்தன. வீட்டைப் பெருக்கியவள், சுவரோரம் கிடந்த அந்தப் பாதி வளையத்தைக் கையில் எடுத்தாள். அதன் நடுவில் என் குழாய்கள் பத்துப் பதினைந்து இருந்தன; முந்திய வாரம் மிச்சமானவற்றைச் சித்தி அதில் சேர்த்திருந்தாள். அம்மா ஒன்றை உருவி, விரலிடையே உருட்டிப் பார்த்தாள். முப்பது ஆண்டு குழாயோடு பழகிய விரல்கள் அவை. தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அடி விழப் போகிறது என்று தெரிந்தது. அடிக்கு முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். புளி கரைத்ததை, அதில் என் நகம் வெளுத்துச் சித்தியின் நகம் வெளுக்காமல் போனதை, காய்ச்சலை, ஊசியை, கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று அவள் சொன்னதை. இறுதியாக என் பெரிய குற்றத்தையும் சொன்னேன்.

“பரிச்சைன்னு நீ என்னைய டீச்சர் வீட்டுக்கு அனுப்பிட்ட. அதான் வளையம் கொறஞ்சு போச்சு. இல்லைன்னா சித்திக்கு ஒண்ணும் ஆயிருக்காது.”

அம்மா அடிக்கவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“எட்டுல மூணா?”

“கடைசியில நாலு.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா என்று எட்டிப் பார்த்தேன், அழுகைதான். ஆனால் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“அந்தப் பரிச்சை மட்டும் வராம இருந்திருந்தா…” என்று தொடங்கியவள் அதை முடிக்கவேயில்லை. எனக்குத் தெரிந்தபடி நானே அதை முடித்துக்கொண்டேன். பரீட்சை வராமல் இருந்திருந்தால் சித்தி நலமாக இருந்திருப்பாள். அம்மாவும் என்னோடு உடன்படுகிறாள் என்று நம்பி, மேலும் அழுதேன்.

நீர் வற்றியபின், சித்தியின் தொடை வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் நுனியில் ஒரு சிறு பலூனை விரித்து, நெஞ்சின் கதவைத் திறந்துவிட்டார்கள். அன்றிரவே அவள் கால் நீட்டிப் படுத்து உறங்கினாளாம். அம்மா இதை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மருத்துவர் சொன்ன இன்னொன்றை அப்பாவிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னாள். தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் அவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்களாம்; முதலில் கதவைத் திறந்துவிட்டுப் பிறகு பெற்றுக்கொள் என்றுதான் சொல்லியிருப்பார்களாம். அவ்வளவு அஞ்சிக் காத்த இரகசியத்துக்கு உள்ளே அப்படி ஒரு விடை இருந்ததைச் சித்தி எப்படித் தாங்கினாள் என்று எனக்குத் தெரியாது.

மார்கழியில், நாள் நிறையுமுன்னே, பெண் குழந்தை பிறந்தது. ஒன்றே முக்கால் கிலோ. சில வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு, பொங்கலுக்கு முன்னதாகத் தாயும் மகளும் வீடு வந்தார்கள். இனி ஒரு பிள்ளை எங்களைக் கேளாமல் கூடாது என்றும், ஊசியை நிறுத்தக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை அம்மா, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். குழந்தையை என் மடியில் கிடத்தினார்கள். அதன் நகங்களைத்தான் நான் முதலில் பார்த்தேன். எள்ளளவு நகங்கள், இளஞ்சிவப்பாக இருந்தன.

மறுநாள் காலை அம்மா தலை முழுகி, பெரிய தேங்காயாக ஒன்றை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு எதிரிலிருந்த பிள்ளையார் முன் போய் நின்றாள். குழந்தைக்காகவா என்று கேட்டேன். இல்லை, உன் பரீட்சைக்கு என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரையாண்டுத் தேர்வில் நான் கணக்கில் எழுபத்தொன்று எடுத்திருந்தேன். அதை ஒருவரும் பாராட்டவில்லையே என்ற குறையும் இருந்தது. எழுபத்தொன்றுக்கா என்றேன்.

“அதுக்கு எதுக்குடி தேங்காய்? இது காலாண்டுக்கு.”

சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் ஓங்கி உடைத்தாள். தேங்காய் தெறித்துத் தெருவெல்லாம் சிதறியது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். எழுபத்தொன்றுக்கு ஒன்றுமில்லை, முப்பத்தெட்டுக்கு முழுத் தேங்காய். கணக்கில் அம்மா என்னைவிட மோசம் என்று நினைத்துக்கொண்டு, சிதறிக் கிடந்த சில்லுகளுள் பெரியதாக ஒன்றைத் தேடி எடுத்து, மண்ணை ஊதிவிட்டுத் தின்னத் தொடங்கினேன்.